அவர் பார்த்துட்டாரா?

பட்டறையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது, அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. வீடுகளுக்குப் போய்ச் சுவரை அளந்து, சமையலறை அலமாரிக்கும் துணி அலமாரிக்கும் வரைபடம் போட்டுத் தச்சர்களுக்குக் கொடுப்பது அவர் வேலை. ஒரு மில்லிமீட்டர் கூடினால் பலகை உள்ளே போகாது, குறைந்தால் கதவு ஆடும் என்று வந்தவன் போனவனிடமெல்லாம் ஓதி ஓதி அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் மில்லிமீட்டர் சம்சாரம் ஆனாள். இது அவள் கதை.

அவள் ஒன்றும் வரைபடம் போடப் பிறந்தவள் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு துணிக்கடையில் ரசீது போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லை. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று பார்த்துப் பார்த்து ஓய்ந்த பிறகு, வீட்டில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் லேப்டாப்பில் கோடு இழுப்பதை வேடிக்கை பார்க்கத் தொடங்கினாள். வேடிக்கை பார்க்கிற வாய் சும்மா இருக்குமா? "இந்த டிராயரை இழுத்தா அந்தக் கதவுல இடிக்காதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். பார்த்தால், நிஜமாகவே இடிக்கும். மனுஷர் அந்தக் கோட்டை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு மவுஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே மாத்து" என்றார்.

அன்றோடு ரசீதுக்கு முழுக்கு. அவர் அளந்துகொண்டு வருவார், அவள் வரைவாள், அவர் சரிபார்ப்பார். அவர் கண் படாமல் ஒரு கோடுகூட வீட்டை விட்டு வெளியே போனதில்லை. பட்டறை முதலாளி போன் செய்தால் சௌக்கியமா என்றுகூடக் கேட்கமாட்டார். எடுத்ததும், "அவர் பார்த்துட்டாரா?" அவ்வளவுதான்.

சரிபார்ப்பதில் அவர் வைத்திருந்த சட்டதிட்டம் இருக்கிறதே, அதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அவள் ஒவ்வொரு பாகத்தின்மேலும் அம்புக்குறியை வைத்து "இது?" என்று மட்டும் கேட்க வேண்டும். அளவை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "நீ நம்பரைச் சொன்னா காது நம்பிடும், கண்ணு தூங்கிடும்" என்பார். சரியாக இருந்தால் "ம்." தப்பாக இருந்தால் வாயையே திறக்கமாட்டார். எங்கே தப்பு, என்ன தப்பு, ஒன்றும் சொல்லமாட்டார். அவளே தேடிக் கண்டுபிடித்துத் திருத்தி, மறுபடி "இது?" என்று கேட்கிறவரை கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருப்பார்.

"வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று அவள் கத்துவாள். அவர் அசைந்தால்தானே. இருபது வருஷம் இப்படித்தான் குடித்தனம் நடந்தது. இது? ம். இது? ம். இது? வாயடைப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு பேச்சா என்று சிரித்ததுண்டு.

ஒருநாள் யார் வீட்டுச் சமையலறையிலோ அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் திரும்பி வந்தது. வலது பக்கம் வரவில்லை. இடது கையும் பேருக்குத்தான், விரல்கள் மடங்கியபடி கிடந்தன. கழுத்தைத் திருப்ப முடியாது, தலையை ஆட்ட முடியாது. பேச்சு அடியோடு போய்விட்டது. தொண்டையிலிருந்து வந்தது ஒரே ஒரு சத்தம். என்ன சத்தம் என்று நினைக்கிறீர்கள்? "ம்."

ஆஸ்பத்திரியில் அதை முதலில் கேட்டபோது அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்தவுடன் சிரிப்பும் வந்துவிட்டது. போவதெல்லாம் போய், மனுஷரிடம் மிச்சமிருந்தது அவருடைய அதிகாரம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு வேலையை விட முடியவில்லை. அளப்பதற்குப் பட்டறையிலிருந்து வேறு ஆள் போனான், வரைவது அவள். ஆனால் சரிபார்ப்பது? லேப்டாப்பை அவர் மார்மேல் வைத்துப் பார்த்தாள், சரிந்தது. முகத்துக்கு நேரே கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், கை கடுத்தது. கடைசியில் பழைய சாமான் விற்கிற இடத்திலிருந்து ஒரு பெரிய டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கட்டிலின் கால்மாட்டுக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டினாள். லேப்டாப்பிலிருந்து அதற்கு ஒரு கேபிள். கேபிள் குட்டை, அதனால் மேசையை டிவிக்குக் கீழேயே போட வேண்டியதாயிற்று. டிவிக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்தாள். லேப்டாப்பில் என்ன இருக்கிறதோ அதுவே அவள் தலைக்குமேல் பெரிதாகத் தெரியும். அவர் அதைப் பார்ப்பார். அவள் அவரைப் பார்ப்பாள்.

முதல் நாள் ஒரு துணி அலமாரி. "இது?" என்றாள். "ம்." "இது?" "ம்." "இது?" சத்தமில்லை. மறுபடி கேட்டாள். சத்தமில்லை. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதோ என்று பயந்து எழுந்தவள், எதற்கும் இருக்கட்டுமென்று அந்தத் தட்டின் அளவைப் பார்த்தாள். ஆழம் ஐநூற்று அறுபது என்பதற்கு அறுநூறு போட்டிருந்தாள். கதவு மூடவே மூடாது.

"இந்த நிலைமையிலயும் உங்க திமிர் அடங்கலையே!" என்று கட்டிலருகே ஓடிப்போய் அவர் நெற்றியில் தன் நெற்றியை முட்டிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமான நாள் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அதற்கப்புறம் யார் வந்து, பாவம், நினைவில்லாமல் கிடக்கிறாரே என்று உச்சுக்கொட்டினாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நினைவில்லாதவரா? என் டிராயிங்குல தப்பு கண்டுபிடிக்கிறாரு. நீங்க வந்து ஒரு கோடு போட்டுப் பாருங்களேன்" என்பாள். வந்தவர்கள் அவளையும் சேர்த்துப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நடுவில் அவருக்கு ஒரு பொல்லாத ஜுரம் வந்து, வலிப்பில் கொண்டுபோய் விட்டது. மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, "கண்மணி சுருங்குது, பயப்பட ஒண்ணுமில்லை" என்றார். வீட்டுக்குத் திரும்பினார்கள். மறுபடி பெரிய திரை. இது? ம். இது? ம். முன்பைவிட ம் அதிகமாகவே வந்தது. வாயடைப்பு எப்போதாவதுதான். "எனக்குக் கை தேறிடுச்சுங்க, நீங்க குத்தம் சொல்றதுக்கு இடமே குடுக்கறதில்லை பாருங்க" என்று அவரிடமே பெருமை அடித்துக்கொண்டாள்.

பட்டறைக்கு இரண்டு அலமாரிகள் திரும்பி வந்தபோதும் அவளுக்கு உறைக்கவில்லை. ஒன்றின் கதவு ஜன்னல் கொக்கியில் இடித்தது. இன்னொன்றில் அடித்தட்டு குழாய்மேல் உட்கார்ந்துகொண்டது. முதலாளி போனில், "அவர் பார்த்துட்டாரா?" என்றார்.

"பார்த்தாரே."

"அப்போ ரெண்டு பேரும் சேர்ந்தா கோட்டை விட்டீங்க?"

ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். அவள் பழியைத் தூக்கி அளந்துகொண்டு வந்தவன் தலையில் போட்டாள்.

அதன் பிறகு லேப்டாப் விசைப்பலகை மக்கர் பண்ணி, பழுது பார்க்கிற கடைக்குப் போய் வந்தது. வந்ததிலிருந்து ஒரு புதுத் தொல்லை. அம்புக்குறி திடீர் திடீரென்று ஓரத்தில் ஓடிக் காணாமல் போய்விடும். "எங்கடா ஓடறே கழுதை" என்று மவுஸைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே இழுத்துக்கொண்டு வருவாள். ஏன் ஓடுகிறது என்று கேட்க யாருக்கு நேரம்?

நேரம் இல்லாததற்குக் காரணம் அவள் இடுப்பு. அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது ஒருநாள் கால் வழுக்கிக் கட்டில் விளிம்பில் விழுந்திருந்தாள். சேலைக்குள் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடினாள். காலையில் துணைக்கு வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகும் அம்மாள் கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பாள். மூச்சை அடக்கிக்கொண்டுதான் சொல்வாள்.

கணவரின் அண்ணன் நல்ல மனுஷர். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்தவர். வாரம் தவறாமல் வந்து தம்பியின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருப்பார். அவள் குனிந்து நிமிர்வதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஊருக்கு வெளியில ஒரு ஹோம் இருக்கும்மா. இந்த மாதிரி படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குன்னே. சுத்தமா வச்சிருக்காங்க. ஒரு கட்டில் காலியாகுது, சொல்லி வச்சிருக்கேன்."

"என்ன மாமா பேசறீங்க?"

"நாளைக்கு நீயும் விழுந்துட்டா உங்க ரெண்டு பேரையும் யாரும்மா பார்க்கறது? அவனுக்கு வீடு எது, ஹோம் எதுன்னு தெரியவா போகுது? நினைவு இருந்தாச் சொல்லு, நானே வேண்டாங்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "நிஜமாவா? நினைவு இருக்குன்னு நான் காட்டிட்டா விட்டுடுவீங்களா?"

"விட்டுடறேன்."

"ஞாயித்துக்கிழமை வாங்க. கண்ணாலயே பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் ஒரு சமையலறை அலமாரியை வரைந்தாள். எல்லாப் பாகமும் சுத்தம். ஒரே ஒரு டிராயர் மட்டும் வேண்டுமென்றே தப்பு. இழுத்தால் நேரே போய்க் கதவில் இடிக்கும், அன்று அவள் முதன்முதலில் கண்டுபிடித்தாளே, அதே தப்பு. அதைக் காட்டும்போது அவர் வாயை மூடிக்கொள்வார், மாமா வாயைப் பிளப்பார். தோற்றுப்போவோம் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. அவருக்கு முகச்சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுவிட்டு, "மானத்தைக் காப்பாத்துங்க" என்று காதில் சொல்லிவைத்தாள். "ம்" என்றார்.

அண்ணன் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். துணைக்கு வரும் அம்மாளும் வாசற்படியில் நின்றாள். மில்லிமீட்டர் சம்சாரம் மேசைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

"இது?"

"ம்."

"இது?"

"ம்."

"பார்த்தீங்களா மாமா?"

அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். "என்னம்மா காட்டறே நீ?"

"டிவியைப் பாருங்க மாமா."

"அதைத்தாம்மா பார்த்துக்கிட்டிருக்கேன். மலை இருக்கு. ஏரி இருக்கு. அலமாரி எங்க?"

அவள் திரும்பினாள். தலைக்குமேல் பெரிய திரை முழுக்க, லேப்டாப் வாங்கும்போதே அதில் இருந்த படம், பனி மூடிய ஒரு மலையும் நீல ஏரியும். அலமாரி இல்லை, கோடு இல்லை, ஒன்றும் இல்லை. ஏரியின் நடுவில், அவள் திரும்பிய வேகத்தில் லேப்டாப் ஓரத்தைத் தாண்டி ஓடிவந்த அம்புக்குறி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

லேப்டாப்பில் இருப்பதையே பெரிய திரையிலும் காட்டுவது ஒரு முறை. பெரிய திரையைத் தனி இடமாக ஆக்கி லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டவைப்பது இன்னொரு முறை. பழுது பார்த்தவன் தன் கடையில் எதற்கோ இரண்டாவதைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே கொடுத்துவிட்டான். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படித் தெரியும்? எழுந்திருக்கும்போது லேப்டாப்பை மூடிவிடுவாள், திரையும் கூடவே அணைந்துவிடும்.

"அது தினமும் இருக்கறதுதானே?" என்றாள் வாசற்படியில் நின்றவள். "அவருக்குக் கண்ணுக்குக் குளுமையா இருக்கட்டும்னு நீங்க போட்டிருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்."

அத்தனை வாரமாக அவர் ம் போட்டது ஒரு மலைக்கு. அவள் விசைகளைத் தட்டிப் பழைய முறைக்கு மாற்றினாள். இப்போது அலமாரி பெரிய திரையில் வந்து நின்றது. தப்பான டிராயர்மேல் அம்புக்குறியை வைத்தாள். மாமாவுக்கு முன்னால் குரல் உடைந்துவிடக் கூடாதென்று தொண்டையைச் செருமிக்கொண்டு, திடமாக, தெளிவாகக் கேட்டாள்.

"இது?"

"ம்."

"நல்லாப் பாருங்க. இது?"

"ம்."

அண்ணன் எழுந்து வந்து அவள் தலையில் கையை வைத்தார். ஜெயித்துவிட்ட முகமா அது? பாவம், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தம்பிக்குள் இன்னும் தம்பி இருக்கிறான் என்று அவரும் ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"கூட்டிட்டுப் போங்க மாமா" என்றாள் அவள்.

வண்டி புதன்கிழமைக்கு ஏற்பாடாயிற்று.

அன்றைக்கு அவள் வாய் மூடியது. அதற்கு முன்னால் அவள் அந்த அறைக்குள் பேசாத நேரமே கிடையாது. எழுந்தால் பேச்சு, உட்கார்ந்தால் பேச்சு. வாயைத் திறங்க, இந்தப் பக்கம் புரட்டறேன், தண்ணி சுடாது, கொஞ்சம் பொறுங்க, இந்த முதலாளி இருக்காரே. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிக்கொண்டேதான் செய்வாள். இப்போது கல்லோடு பேசுவானேன் என்று தோன்றிவிட்டது. பேசினதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. யாரோ ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்ததைப் போல.

திங்கட்கிழமை காலையில் பேசாமல் அவர் போர்வையை எடுத்தாள். பேசாமல் துடைத்துவிட்டாள். அவர் "ம்" என்றார். அவள் கேட்காமலேயே. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி "ம்." பிறகு நிறுத்தாமல், ம், ம், ம் என்று. "எதுக்கு இப்போ ம்?" என்று ஒரு அதட்டு அதட்டினாள். சத்தம் நின்றது. அவள் அடுக்களைக்குப் போனதும் மறுபடி தொடங்கியது.

கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பூனை அவர் உதட்டில் வைத்தாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கஞ்சி தாடையில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன் எடுத்து, கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, உதட்டில் வைத்தாள். மறுபடியும் உடம்பு துள்ளியது.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கையை அவர் கண்ணுக்கு முன்னால் வீசிப் பார்த்தாள். இமை அசையவில்லை. சத்தம் போடாமல் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றாள். அவர் கண்கள் அவள் முன்பு உட்கார்ந்திருந்த காலி நாற்காலியின் பக்கமே இருந்தன.

"என்னங்க" என்றாள்.

கண்கள் விசுக்கென்று குரல் வந்த பக்கம் திரும்பின. அவள் முகத்தில் வந்து நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி, தலையணையின் மூலையில் நின்றன.

"நான் பேசறது கேக்குதா?"

"ம்."

"புரியுதா?"

"ம்."

"உங்களுக்கு நான் தெரியறேனா?"

சத்தமில்லை.

அந்த வாயடைப்பு அவளுக்குப் புதுசா? அதோடு மல்லுக்கட்டித்தானே இருபது வருஷம் ஓட்டினாள். ஆயிரம் பேர் பேசாமலிருந்தாலும் அவர் பேசாமலிருப்பது எதுவென்று அவளுக்குத் தெரியும்.

"கண்ணு தெரியலையாங்க?"

"ம்."

"ஜுரம் வந்தப்போ போச்சா?"

"ம்."

அவள் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மலைப்படம் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே கண் போயிருக்கிறது. மாசக்கணக்காக ஒரு குருட்டு மனுஷரைப் பெரிய திரைக்கு முன்னால் படுக்கப்போட்டு, பாருங்க பாருங்க என்று படுத்தியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல அவரிடம் வார்த்தை ஏது? இருப்பது ஒரு ம். அதை நிறுத்தினால் அவள் தப்பே இல்லாத அலமாரியைப் பிரித்துப் பிரித்துத் தேடுவாள். வலிப்பு மூளைக்குள் பார்வையைத் தின்றுவிட்டாலும் கண்மணி எப்போதும்போலச் சுருங்கத்தான் செய்யும். டாக்டர் டார்ச் அடித்தாரே தவிர, தெரிகிறதா என்று கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கட்டின பெண்டாட்டி, இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்தில் கிடந்தவள், கேட்கவில்லை. பளார் பளாரென்று தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் ஜுரத்துக்கு அப்புறமும் அவர் எப்போதாவது வாயடைத்தாரே, அவள் தேடியபோது தப்பும் இருந்ததே? அந்த இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒரு மூலை அலமாரி, வரையும்போதே அவளுக்கு உதைத்தது. ஒரு கண்ணாடிக் கதவு, சரியா தப்பா என்று மனசுக்குள் இழுபறியாக இருந்ததை, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தாள். ஜன்னல் கொக்கியும் குழாயும் அவள் சந்தேகமே படாதவை. ஞாயிற்றுக்கிழமை டிராயரைக் கேட்டபோதும் குரலைத் திடப்படுத்திக்கொண்டுதான் கேட்டாள்.

"என் குரலை வச்சா சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"ம்."

இது என்று ஒரு சொல். அதில் அவள் மனசு ஆடுகிறதா இல்லையா என்று இருட்டுக்குள் படுத்துக்கொண்டு காதைத் தீட்டி எடைபோட்டிருக்கிறார். அவள் அவர் மார்மேல் முகத்தைப் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். "பேசாம இருந்துட்டேனே, நேத்திலேருந்து உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டேனே பாவி" என்று அழுதாள். அவர் ம் போடவுமில்லை, போடாமலிருக்கவுமில்லை. தொண்டைக்குள் என்னவோ உருண்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு மாமாவுக்குப் போன் செய்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். வண்டியை வேண்டாமென்று சொல்லுங்கள் என்றாள். மறுமுனையில் பெரியவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்போ கண்ணும் போச்சா அவனுக்கு" என்றார் கடைசியில். "இன்னும் கஷ்டமாச்சேம்மா. பேச்சில்லை, அசைவில்லை, கண்ணும் இல்லை. நீ ஒத்தையா, அந்த இடுப்பை வச்சுக்கிட்டு..."

"நினைவு இருக்கு மாமா! நினைவு இருந்தா விட்டுடறேன்னு சொன்னீங்கல்ல? கேட்டா பதில் சொல்றாரு மாமா, ஒவ்வொண்ணுக்கும் சொல்றாரு!"

"சொல்றானா?"

"சொல்றாரு."

"அப்படின்னா நானும் நீயும் யாரும்மா முடிவு பண்றதுக்கு? அவனையே கேளு. அவன் என்ன சொல்றானோ அதுதான்."

இவ்வளவுதானே என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடங்கிக் கிடந்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய வாயடைப்பை விரும்பிக் காத்திருந்தது அந்த ஒரு முறைதான்.

"உங்க அண்ணன் உங்களை ஒரு ஹோம்ல விடணுங்கறாரு. நாலு பேர் இருப்பாங்களாம், நல்லாப் பார்த்துப்பாங்களாம். நீங்க போறீங்களா?"

"ம்."

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாள். "இந்த வீட்டை விட்டுங்க. என்னை விட்டு. போறீங்களா?"

"ம்."

"இங்க இருக்க வேண்டாமா?"

"ம்."

"ஏங்க? நான் என்ன குறை வச்சேன்?" இதற்கு ஒரு சத்தத்தில் என்ன பதில் சொல்வார்? அவளுக்கே புரிந்து கேள்வியை மாற்றினாள். "எனக்காகவா போறேங்கறீங்க?"

"ம்."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க."

சத்தமில்லை.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, தயக்கம் துளியும் தொனிக்காமல் சொன்னாள். "உங்களைப் பார்த்துக்கறது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இன்னும் இருபது வருஷம் பார்த்துப்பேன். என் இடுப்புக்கு ஒண்ணும் இல்லை."

சத்தமில்லை. கண்கள் அவள் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்தபடி நின்றன. எத்தனை முறை வேண்டுமானாலும் கேள், எத்தனை நேரம் வேண்டுமானாலும் தேடு, நான் இங்கேயேதான் இருக்கப்போகிறேன் என்று உட்கார்ந்திருப்பாரே, அந்த மனுஷர்.

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. அவள் சேலைக்குள் கையை விட்டு இடுப்புப் பட்டையைத் தளர்த்தினாள். வலி குபுக்கென்று மேலே ஏறியது. எத்தனையோ மாதமாக யாரிடமும் சொல்லாததை, சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததை, அவர் காதருகே குனிந்து சொன்னாள்.

"முடியலைங்க. என்னால முடியலை."

"ம்" என்றார் அவர்.

புதன்கிழமை காலை வண்டி வந்தது. அண்ணன் முன்னால் ஏறிக்கொண்டார். அவள் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழியில் வந்த கடை, மரம், பாலம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் வாய் ஓயாமல் அவரிடம் சொல்லிக்கொண்டே போனாள்.